நியூரோஸ்போரா மைட்டோகாண்ட்ரியாவில் ஆர்என்ஏ ஸ்பிளைசிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூரோஸ்போரா கிராசா என்ற பூஞ்சையின் மைட்டோகாண்ட்ரியாவில், தன்னைத் தானே வெட்டிக்கொள்ள வேண்டிய ஓர் இன்ட்ரான் (ஆர்என்ஏவின் நடுவே வரும், நீக்கப்பட வேண்டிய துண்டு) சைட்-18 என்ற புரதத்தின் துணையில்லாமல் வெளியேறுவதில்லை. இன்ட்ரானை நீக்கி, இருபுறமும் உள்ள எக்ஸான்களை ஒட்டுவதே ஸ்பிளைசிங். அந்தப் புரதத்தை அடையாளம் கண்டது ஆலன் லம்போவிட்ஸின் ஆய்வுக் குழு. செயின்ட் லூயிஸிலும் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்திலும் தொடர்ந்த அந்த ஆய்வு, பிறகு ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு நகர்ந்தது. இந்தத் துறைக்குள் புதிதாக வரும் முதுகலை, ஆய்வு மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இங்கே உள்ளன.

ஈஸ்ட் இருக்கும்போது நியூரோஸ்போரா எதற்கு?

ஈஸ்டுக்கு மைட்டோகாண்ட்ரியா கெட்டாலும் பிழைப்பு ஓடும்; சர்க்கரையை நொதிக்க வைத்தே வாழ்ந்துவிடும். 1949இல் எஃப்ருஸி கண்ட ‘பெட்டிட்’ குட்டிக் காலனிகள் அப்படிப்பட்டவை. நியூரோஸ்போராவுக்குச் சுவாசம் அறவே நின்றால் சாவுதான். அதனால் இதில் நமக்குக் கிடைக்கும் மியூட்டன்ட்டுகள் (மரபணு பழுதான வகைகள்) எல்லாம் அரைகுறையாக இயங்குபவை. இழைகள் மெதுவாக வளரும், சுவாசப் புரதமான சைட்டோகுரோமின் அளவு குறையும், ஆனால் உயிர் இருக்கும். ஸ்பிளைசிங்கில் முக்கால் பங்கு பழுதானால் செல்லில் என்ன நடக்கும் என்று பார்க்க இந்த அரைகுறைதான் தேவை. இன்னொரு வசதி, பீடிலும் டேட்டமும் 1941இல் தொடங்கிவைத்த மரபியல் முறைகள் அப்படியே கையில் இருக்கின்றன.

‘போக்கி’ மியூட்டன்ட்டும் ஸ்பிளைசிங் மியூட்டன்ட்தானா?

இல்லை. இந்தக் குழப்பம் மிகவும் சகஜம். போக்கியை 1952இல் கால்டெக்கில் மேரி மிட்செல், ஹெர்ஷல் மிட்செல் இருவரும் விவரித்தார்கள். அதன் பழுது மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவில், சிறிய ரிபோசோம் ஆர்என்ஏ மரபணுவின் புரமோட்டரில் (மரபணுவைப் படிக்கத் தொடங்கும் இடம்) 4 காரங்கள் (டிஎன்ஏ எழுத்துகள்) விடுபட்டது. அந்த ஆர்என்ஏ (19எஸ்) குறைகிறது, ரிபோசோமின் சிறு துணையலகு குறைகிறது, புரத உற்பத்தி சரிகிறது. சைட்-18, சைட்-19, சைட்-4 ஆகியவை வேறு. இவை உட்கரு மரபணுக்கள். இவற்றில் பழுது வந்தால் பெரிய ரிபோசோம் ஆர்என்ஏவின் 35எஸ் முன்னோடி (இன்ட்ரான் நீங்காத முதல் வடிவம்), வெட்டப்படாமல் தேங்கும். வெளித்தோற்றத்தில் எல்லாமே ஒன்றுபோல மந்தமாக வளரும். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது.

அப்படியானால் உட்கருவா மைட்டோகாண்ட்ரியாவா என்று எப்படிப் பிரிப்பது?

இருவழிக் கலப்பு செய்யுங்கள். மியூட்டன்ட்டைத் தாயாக வைத்து ஒன்று, தந்தையாக வைத்து ஒன்று. மைட்டோகாண்ட்ரியா தாய்வழி மட்டுமே வருவதால் விடை தெளிவாகப் பிரியும்.

தாயாக இருக்க வேண்டியதை வெஸ்டர்கார்ட்-மிட்செல் ஊடகத்தில், 25 டிகிரியில் 5 முதல் 7 நாள் வளருங்கள். நைட்ரஜன் குறைந்த இந்த ஊடகத்தில்தான் முன்கனிகள் (ஸ்போர்க் கனிகளின் இளநிலை) உருவாகும். பிறகு எதிர் இணைவகையின் கொனிடியாவை (பாலிலா வித்துகள்) கிருமி நீக்கிய நீரில் கலக்கி மேலே ஊற்றுங்கள். இரண்டு மூன்று நாளில் கனிகள் கருக்கும். 10 முதல் 14 நாளில் ஆஸ்கோஸ்போர்கள் (கலப்பில் பிறந்த வித்துகள்) மூடியின் உட்புறத்தில் கரும்புள்ளிகளாகச் சுடப்பட்டிருக்கும். அவற்றை 60 டிகிரியில் 30 நிமிடம் வையுங்கள். இந்தச் சூடு ஸ்போரை முளைக்கத் தூண்டும், ஒட்டிவந்த கொனிடியாவைக் கொல்லும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். பிறகு 2 சதவீத சார்போஸுடன் 0.05 சதவீதம் குளுக்கோஸ், 0.05 சதவீதம் ஃபிரக்டோஸ் கலந்த அகாரில் பரப்பினால், காட்டுத்தனமாகப் படராமல் தனித்தனிக் காலனிகளாக நிற்கும்.

உட்கரு மரபணு என்றால் ஒரு பையிலுள்ள 8 ஸ்போரில் 4 மந்தம், 4 இயல்பு. மைட்டோகாண்ட்ரியா என்றால் மியூட்டன்ட் தாயானபோது 8ம் மந்தம், தந்தையானபோது 8ம் இயல்பு.

எங்கே சறுக்கும்? முதலாவது, அறை வெப்பம். ஏசி இல்லாத அறையில் 30 டிகிரி தாண்டினால் கனி உருவாவதே தடுமாறும். கலப்பு தோற்றது என்று பழியைத் திரிபின் (வளர்க்கும் பூஞ்சை வகையின்) மேல் போடுவோம். இரண்டாவது, பழுக்காத ஸ்போர். வெள்ளையாகவோ வெளிர்பழுப்பாகவோ இருப்பவை முளைக்காது; கன்னங்கரேலென்று இருப்பவற்றை மட்டும் எடுங்கள். மூன்றாவது, மந்தமான மியூட்டன்ட் தாயாக இருக்கும்போது முன்கனிகள் தாமதமாக வரும் அல்லது வராமலே போகும். கூடுதலாக ஒரு வாரம் கொடுங்கள்.

ஹெட்டரோகேரியான் (இரு வகை உட்கருக்கள் சேர்ந்த கலப்பு இழை) போதாதா?

துணைச் சான்றாக வைத்துக்கொள்ளலாம், அதை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது. இழைகள் இணைந்தால் உட்கருக்களோடு மைட்டோகாண்ட்ரியாவும் கலந்துவிடும். பழுதான மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏ சில வேளை நல்லதை ஓரங்கட்டி முழுக்க ஆக்கிரமித்துக்கொள்ளும். முதலில் நன்றாக வளர்ந்த கலவை நாலாவது மறுவளர்ப்பில் படுத்துவிட்டால் இதைச் சந்தேகியுங்கள். இதே காரணத்தால் மைட்டோகாண்ட்ரிய மியூட்டன்ட்டுகளைச் சாய்வு அகாரில் மாற்றி மாற்றி வைத்துக் காப்பாற்ற நினைக்காதீர்கள். முதல் தலைமுறைக் கொனிடியாவையே உறைநிலையிலோ சிலிக்கா ஜெல்லிலோ வைத்துவிடுங்கள்.

ஸ்பிளைசோசோம் (உட்கருவில் இன்ட்ரானை வெட்டும் பெரிய கூட்டமைப்பு) இல்லாமல் இன்ட்ரான் எப்படி வெளியேறுகிறது?

முதல் வகை இன்ட்ரானுக்கு ஆர்என்ஏவே நொதி. டெட்ராஹைமீனா என்ற ஒருசெல் உயிரியில் தாமஸ் செக் 1982இல் காட்டியது இது. 1989இல் சிட்னி ஆல்ட்மனோடு நோபல் பகிர்ந்தார். வேலை இரண்டு படியில் முடிகிறது. வெளியிலிருந்து வரும் ஒரு குவானோசின் (அதன் டிரைபாஸ்பேட் வடிவமான ஜிடிபியாகவும், அதாவது GTPயாகவும், இருக்கலாம்) இன்ட்ரானின் மடிப்புக்குள் அமர்ந்து, அதன் 3 முனை ஹைட்ராக்சில் முதல் எக்ஸானுக்கும் இன்ட்ரானுக்கும் நடுவே தாக்குகிறது. எக்ஸான் அறுபடுகிறது, குவானோசின் இன்ட்ரானின் தலையில் ஒட்டிக்கொள்கிறது. விடுபட்ட எக்ஸானின் முனை இப்போது மறுகோடியைத் தாக்கி இரண்டாம் எக்ஸானோடு சேர்கிறது. ஒரு பிணைப்பு உடையும்போதே இன்னொன்று உருவாகிறது. மொத்தப் பிணைப்பு எண்ணிக்கை மாறாததால் ஏடிபி (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) செலவு கிடையாது. வெட்டும் இடத்தில் எக்ஸானின் கடைசி எழுத்து யூ. அது இன்ட்ரானின் ஒரு ஜியோடு ‘தள்ளாட்ட’ இணையாக நிற்கும். அந்த இணையைக் கெடுத்தால் வெட்டு மங்கும்.

ஆர்என்ஏவே செய்யும் வேலைக்குப் புரதம் எதற்கு?

வேதிவினையை ஆர்என்ஏ செய்யும். ஆனால் அதற்கான மடிப்பைத் தானே தாங்கி நிற்கப் பல இன்ட்ரான்களுக்குத் தெம்பில்லை. நியூரோஸ்போராவின் பெரிய ரிபோசோம் ஆர்என்ஏ மரபணுவில் உள்ள இன்ட்ரான் 2.3 கிலோபேஸ் நீளம். அதன் நடுவே ஒரு ரிபோசோம் புரதத்துக்கான குறியீடும் இருக்கிறது. சோதனைக்குழாயில் மக்னீசியமும் ஜிடிபியும் மட்டும் கொடுத்தால் இது அசையாது.

சைட்-18 புரதத்தைச் சேர்த்தால் அசையும். 1987இல் ஏகின்ஸும் லம்போவிட்ஸும் அந்த மரபணுவை வரிசையறிந்தபோது வந்த விடை, மைட்டோகாண்ட்ரியாவின் டைரோசில் டிஆர்என்ஏ சிந்தடேஸ். புரதம் செய்ய அமினோ அமிலத்தைச் சுமந்துவரும் டிஆர்என்ஏயில் டைரோசினை ஏற்றும் அன்றாட நொதி. அதுவே இன்ட்ரானின் நடு மடிப்புகளைப் பற்றி, உருக்குலையாமல் நிறுத்துகிறது. டெட்ராஹைமீனா இன்ட்ரானில் பி5ஏபிசி என்ற கூடுதல் ஆர்என்ஏ பகுதி முட்டுக்கொடுக்கும். அதை அறுத்தெறிந்துவிட்டு சைட்-18ஐச் சேர்த்தால் இன்ட்ரான் வேலை செய்கிறது என்று 1994இல் காட்டினார்கள். ஆர்என்ஏவாலான முட்டின் இடத்தில் புரதத்தாலான முட்டு. இந்தத் துறையில் ஒரே ஒரு சோதனையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் இதையே சொல்வோம்.

எல்லா உயிரிகளின் டைரோசில் நொதியும் இதைச் செய்யுமா?

செய்யாது. ஈ. கோலை பாக்டீரியாவின் நொதிக்கு இந்தத் திறமை இல்லை. நியூரோஸ்போரா அடங்கிய பெசிசோமைகோட்டினா பிரிவுப் பூஞ்சைகளில் மட்டும் இந்த நொதியின் முகப்பில் ஒரு நீட்சியும் நடுவில் சில செருகல்களும் கூடியிருக்கின்றன. இன்ட்ரானைப் பிடிப்பது அவைதான். 2008இல் வெளியான 4.5 ஆங்ஸ்ட்ரம் படிக அமைப்பில், இன்ட்ரானைத் தொடும் பரப்பும் டிஆர்என்ஏவைத் தொடும் பரப்பும் வேறு வேறு முகங்களில் இருந்தன. நொதி பழைய வேலையை விடாமல், சும்மா கிடந்த முதுகில் புதுச் சுமையை ஏற்றிக்கொண்டிருக்கிறது.

மைட்டோகாண்ட்ரிய ஆர்என்ஏவைச் சிதையாமல் எடுப்பது எப்படி?

ஊடகத்திலிருந்தே தொடங்குங்கள். வோகல் ஊடகத்தின் 50 மடங்குக் கரைசலில் உப்புகளை ஒவ்வொன்றாக, முந்தையது முழுதும் கரைந்த பிறகே போட வேண்டும். கால்சியம் குளோரைடை மட்டும் தனியே கொஞ்சம் நீரில் கரைத்து, கலக்கியபடியே சொட்டுச் சொட்டாக ஊற்றுங்கள். அவசரப்பட்டால் பால்போல் திரிந்து வீழ்படிவாகும். அது திரும்பக் கரையாது, கீழே ஊற்றிவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான். பூசணம் பிடிக்காதிருக்கச் சில மில்லி குளோரோஃபார்ம் அடியில் கிடக்கட்டும்.

2 சதவீத சுக்ரோஸ் கொண்ட 1 லிட்டர் ஊடகத்தில் மில்லிலிட்டருக்கு 10 லட்சம் கொனிடியா போட்டு, 25 டிகிரியில் குலுக்குங்கள். இயல்பு வகை 14 முதல் 16 மணி நேரத்தில் தயார். மியூட்டன்ட்டை அதே மணிக்கணக்கில் அறுவடை செய்யாதீர்கள், எடைக்கணக்கில் செய்யுங்கள். இல்லாவிட்டால் வளர்ச்சிப் பருவ வேறுபாட்டை ஸ்பிளைசிங் வேறுபாடு என்று படித்துவிடுவீர்கள். வெப்ப உணர்வுள்ள சைட்-18 வகையை 25 டிகிரியில் ஒன்று, 37 டிகிரியில் ஒன்று என இணையாக வையுங்கள்.

வடிகட்டிப் பிழிந்த மைசீலியத்தை (பூஞ்சை இழைத்திரள்), 1 கிராமுக்கு 1.5 கிராம் அமிலம் கழுவிய மணலும் 2 மில்லி 0.44 மோலார் சுக்ரோஸ் பஃபரும் சேர்த்து, குளிர்ந்த கல்வத்தில் அரையுங்கள். கூழ் பளபளவென்று வழுவழுப்பாகும்போது நிறுத்துங்கள். அதற்கு மேல் அரைத்தால் மைட்டோகாண்ட்ரியாவே உடையும். 2,000 ஜியில் 10 நிமிடம் இருமுறை சுழற்றி மணலையும் உட்கருவையும் தள்ளுங்கள்; பிறகு மேல்நீரை 12,000 ஜியில் 30 நிமிடம்.

எல்லாரும் கோட்டை விடும் இடம் அடுத்தது. வீழ்படிவை உடைக்கும் பஃபரில் வழக்கமான மக்னீசியத்துக்குப் பதில் 25 மில்லிமோலார் கால்சியம் வையுங்கள். கூடவே 500 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடு. மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ளேயே இருக்கும் ஆர்என்ஏஸ் (ஆர்என்ஏவை அறுக்கும் நொதி) மக்னீசியத்தில் துள்ளும், கால்சியத்தில் அடங்கும். கையுறை, கிருமிநீக்கிய நீர் எல்லாம் வெளியிலிருந்து வரும் ஆர்என்ஏஸுக்கு. உள்ளேயே இருக்கும் திருடனுக்குக் கால்சியம்தான் பூட்டு.

ஆர்டி-பிசிஆர் போதுமா, நார்தர்ன் செய்தே ஆகவேண்டுமா?

அளவு சொல்ல வேண்டுமென்றால் நார்தர்ன் (ஆர்என்ஏவைப் பெருக்காமல் ஜெல்லில் பிரித்து நேராக அளக்கும் முறை). ஆர்டி-பிசிஆரோ ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றிப் பெருக்கும். இரு எக்ஸான்களில் பிரைமர் (பெருக்கத்தைத் தொடங்கும் குறுந்துண்டு) வைத்தால் வெட்டியது 200 காரத் துண்டு, வெட்டாதது 2,500 காரத் துண்டு. பிசிஆருக்குச் சிறியது என்றால் கொள்ளைப் பிரியம். முன்னோடி 90 சதவீதம் இருந்தாலும் ஜெல்லில் வெட்டிய துண்டு மட்டும் பளிச்சென்று தெரியும். பிசிஆரே வேண்டுமென்றால், இன்ட்ரானுக்குள் மூன்றாவது பிரைமர் வைத்து இரண்டு துண்டுகளும் 150 முதல் 250 காரத்துக்குள் வருமாறு அமையுங்கள்.

டிஎன்ஏ மாசு இங்கே இரட்டிப்புத் தொல்லை. மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏ செல்லுக்குப் பல படிகள். அது தரும் துண்டும் ‘வெட்டாத ஆர்என்ஏ’ துண்டும் ஒரே அளவு. ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் (ஆர்என்ஏவை டிஎன்ஏவாக்கும் நொதி) சேர்க்காத ஒப்பீட்டுக் குழாய் இல்லாத ஜெல் படத்தை நம்ப வேண்டாம். முதல் இழைக்கு ரேண்டம் ஹெக்சாமரையோ மரபணுவுக்கே உரிய பிரைமரையோ எடுங்கள். இந்த ஆர்என்ஏக்களுக்கு நீண்ட பாலி ஏ வால் கிடையாது. அந்த வாலைப் பிடிக்கும் ஒலிகோ டிடியை நம்பி வரிசையறிந்த நூலகத்தில் இவை காணாமல் போனதாகத் தெரிவது அதனால்தான்.

சோதனைக்குழாயில் ஸ்பிளைசிங் செய்ய என்னென்ன அளவு?

டி7 புரமோட்டருக்குப் பின்னால் எக்ஸான்-இன்ட்ரான்-எக்ஸான் வைத்த பிளாஸ்மிட்டை (குரோமோசோமைச் சாராத சிறு டிஎன்ஏ) வெட்டி நேராக்கி, பாஸ்பரஸ்-32 ஏறிய முன்னோடியைச் செய்து, யூரியா ஜெல்லில் தூய்மையாக்குங்கள். ஆர்என்ஏவை வெறும் நீரில் 90 டிகிரியில் 1 நிமிடம் சூடாக்கி ஆறவிட்டு, அதற்குப் பிறகே மக்னீசியம் சேருங்கள். மக்னீசியத்தோடு கொதிக்க வைத்தால் ஆர்என்ஏ தானே நறுக்கப்பட்டுவிடும்.

தொடங்க நல்ல அளவு: 25 மில்லிமோலார் டிரிஸ் பிஎச் 7.5, 100 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடு, 5 மில்லிமோலார் மக்னீசியம் குளோரைடு, 1 மில்லிமோலார் ஜிடிபி, 20 நானோமோலார் ஆர்என்ஏ, 100 நானோமோலார் சைட்-18. புரதச் செறிவை இரட்டையாகக் கணக்கிடுங்கள். ஓர் இன்ட்ரானைப் பிடிப்பது இரு அலகுகள் சேர்ந்த ஒரு ஜோடி. 37 டிகிரியில் 0, 1, 3, 10, 30 நிமிடங்களில் எடுத்து, மக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும் இடிடிஏவில் நிறுத்துங்கள்.

புரதத்தின் தூய்மை பெரிய பொறி. ஆர்என்ஏவை இறுகப் பிடிக்கும் புரதம் ஈ. கோலையிலிருந்து ஆர்என்ஏவோடுதான் வெளிவரும். 260க்கும் 280க்கும் ஒளி உறிஞ்சல் பாருங்கள். 260 உயர்ந்திருந்தால் பாலிஎதிலீனிமைன் கொண்டு நியூக்ளிக் அமிலத்தை வீழ்த்திவிட்டு மறுபடி தொடங்குங்கள். அப்படியே போட்டால் பிடிமான இடங்கள் ஏற்கெனவே நிரம்பியிருக்கும், ‘புரதம் செத்துவிட்டது’ என்று தவறாக எழுதுவோம்.

ஜெல்லில் தெரிவது உண்மையான ஸ்பிளைசிங்தானா, வெறும் சிதைவா? லேபிள் இல்லாத முன்னோடியோடு கதிரியக்க ஜிடிபியைச் சேர்த்து ஓட்டுங்கள். முதல் படி நடந்தால் ஜி இன்ட்ரானின் தலையில் ஏறி, இன்ட்ரான் மட்டும் ஒளிரும். சிதைவில் ஜி எங்கும் ஏறாது.

மியூட்டன்ட்டில் ஸ்பிளைசிங் குறைந்தால் அந்த மரபணு ஸ்பிளைசிங் காரணிதானே?

அவசரம் வேண்டாம். மைட்டோகாண்ட்ரிய ரிபோசோம் கெட்டாலே உள்ளே உருவாகும் மெச்சூரேஸ் (ஸ்பிளைசிங்குக்கு உதவும் புரதம்) போன்ற புரதங்கள் நின்று, அவற்றை நம்பிய இன்ட்ரான்கள் தேங்கலாம். டைரோசின் ஏற்றும் நொதி விஷயத்தில் இந்தச் சந்தேகம் இன்னும் கூர்மையானது: டைரோசின் ஏறாததால் புரத உற்பத்தி நின்று அதனால் ஸ்பிளைசிங் நின்றதா, நேராகவே நின்றதா? இயல்பு வகையைக் குளோராம்ஃபெனிகாலில் வளர்த்து, மைட்டோகாண்ட்ரியப் புரத உற்பத்தியை மட்டும் நிறுத்தி, அதே இன்ட்ரானை இணையாகப் பாருங்கள். அங்கே வெட்டு சரியாக நடந்தால் மறைமுகக் காரணம் அடிபட்டுப் போகும். கடைசிச் சாட்சி எப்போதும் தூய புரதமும் தூய ஆர்என்ஏவும் உள்ள குழாய்தான். சைட்-18 அதில் தேறியது. அதைவிட, டி4 என்ற பாக்டீரியா வைரஸின் பழுதான ‘டிடி’ மரபணு இன்ட்ரானைக்கூட ஈ. கோலைக்குள் காப்பாற்றியது.

சைட்-19 எங்கே வருகிறது?

அது டெட்-பாக்ஸ் வகைப் புரதம். ஏடிபியைச் செலவழித்து ஆர்என்ஏ மடிப்பைப் பிரிக்கும். தப்பாக மடிந்து மாட்டிக்கொண்ட இன்ட்ரானை அவிழ்த்து மறுவாய்ப்பு கொடுப்பது அதன் பங்கு. 37 டிகிரியில் வெப்பமே அவிழ்த்துவிடுவதால் அதன் தேவை தெரியாது. 25 டிகிரியில் ஓட்டினால்தான் தெரியும். வினைக்கு ஏடிபி தேவையில்லை, மடிப்பைத் திருத்த மட்டும் தேவை. இந்த வேறுபாட்டைத் தேர்வில் கேட்பார்கள்.

மைட்டோகாண்ட்ரிய மரபுத்தொகையைக் குறிப்பிடும்போது எது தவறுகிறது?

குறியீட்டு அட்டவணை (ஆர்என்ஏ எழுத்துகளை அமினோ அமிலங்களாகப் படிக்கும் விதி). நியூரோஸ்போராவுக்கு எண் 4, ஈஸ்டுக்கு எண் 3. இரண்டிலும் யூஜிஏ நிறுத்தமல்ல, டிரிப்டோஃபான். சாதாரண அட்டவணையில் ஓட்டினால் மரபணுக்கள் எல்லாம் துண்டு துண்டாகத் தெரியும். குட்டி எக்ஸான்களையும் மென்பொருள் விழுங்கிவிடும். எல்லையை ஆர்என்ஏ வரிசையோடு கையால் ஒத்துப்பாருங்கள்.

இந்தியத் திரிபுகளுக்கு இதில் இடம் உண்டா?

உண்டு, முக்கியமான இடம். இந்தியாவின் வர்குட்டில் கிடைத்த நியூரோஸ்போரா இன்டர்மீடியாவின் மைட்டோகாண்ட்ரியாவில் ஒரு பிளாஸ்மிட் இருந்தது. டெக்சாஸின் மாரிஸ்வில் திரிபில் கிடைத்ததற்கு அது நெருங்கிய உறவு. இரண்டும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் குறியீட்டைச் சுமப்பவை. வர்குட் திரிபின் துணை ஆர்என்ஏ, தன்னைத் தானே வெட்டும் விஎஸ் ரைபோசைம் (நொதியாக இயங்கும் ஆர்என்ஏ) என்று 1990இல் சேவிலும் காலின்ஸும் காட்டினார்கள். மும்பையை ஒட்டிய ஆரேயில் கிடைத்த நியூரோஸ்போரா கிராசாவில் ‘மரண்ஹர்’ என்ற 7 கிலோபேஸ் நேர் பிளாஸ்மிட் உண்டு. அது மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவுக்குள் செருகிக்கொண்டால், அந்தத் திரிபு சில மறுவளர்ப்புகளுக்குப் பின் செத்துவிடும். ஹவாயின் ‘கலிலோ’ இதன் ஜோடி, 8.6 கிலோபேஸ். காட்டிலிருந்து கொண்டுவந்த திரிபு காரணமில்லாமல் மங்கினால் ஊடகத்தைக் குறைசொல்வதற்கு முன் இதைத் தேடுங்கள்.

இதிலிருந்து பூஞ்சை மருந்து வருமா?

யோசனைக்கு அடித்தளம் உண்டு. மனித மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏ 16,569 காரங்கள். அதில் இன்ட்ரானே இல்லை. ஹிஸ்டோபிளாஸ்மா, காக்சிடியாய்டிஸ் போன்ற நோய்ப்பூஞ்சைகள் நியூரோஸ்போராவின் அதே பெரும்பிரிவைச் சேர்ந்தவை. டைரோசின் ஏற்றத்தைத் தொடாமல், நொதியின் இன்ட்ரான் பிடிக்கும் முகத்தை மட்டும் அடைக்கும் மூலக்கூறு கிடைத்தால் மனிதச் செல்லுக்குச் சேதம் குறையும். சிக்கல், அந்த முகம் தட்டையானது, அகலமானது. சிறு மூலக்கூறு போய் உட்கார ஆழமான குழி வேண்டும். அதோடு, குறிவைக்கும் பூஞ்சையில் அத்தியாவசிய மரபணுவுக்குள் அப்படியோர் இன்ட்ரான் இருக்கிறதா என்று திரிபுக்குத் திரிபு பார்க்க வேண்டும். ஓர் இனத்தின் ஒரு திரிபில் இருப்பது இன்னொன்றில் இல்லாமல் போவது பூஞ்சை மைட்டோகாண்ட்ரியாவில் அன்றாட நிகழ்வு.